இன்ட் எத்தனை பைட்?

"என் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இதுவரை ஒரு அரியர்கூட இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் காட்டுடா என்றால் முழிக்கிறான். ஏன் சார்?"

ஸ்ரீரங்கத்தில் நான் நடத்தி வரும் சிறிய கம்ப்யூட்டர் சென்டருக்கு வரும் பெற்றோர்கள் இந்தக் கேள்வியைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். பையனுக்குப் பொறுப்பில்லை, எந்நேரமும் செல்போன் என்பது அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கும் பதில். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பொறுப்பில்லாத பையன் அரியர் இல்லாமல் மூன்று ஆண்டுகளைக் கடக்க முடியுமா? அவன் படிக்கத்தான் செய்கிறான். எதைப் படிக்கிறான், எதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறான் என்பதுதான் விஷயம். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான்காம் ஆண்டில் இன்டர்வியூ மேஜைக்கு எதிரே உட்காரும்போதுதான் பலருக்கு இது முதன்முதலாகத் தெரிய வருகிறது.

என்னிடம் வரும் இன்ஜினியரிங் மாணவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு.

"தம்பி, சி மொழியில் இன்ட் எத்தனை பைட்?"

"2 பைட் சார்." யோசிக்கவே மாட்டார்கள்.

"சரி, இதோ கம்ப்யூட்டர். அதனிடமே கேட்டுப் பார்."

சி மொழியில் சைஸ்ஆஃப் என்று ஒரு ஆப்பரேட்டர் உள்ளது. அதனிடம் இன்ட் என்று கொடுத்தால், அந்த வகை எண்ணுக்கு மெமரியில் எத்தனை பைட் இடம் ஒதுக்கப்படுகிறது என்று சொல்லிவிடும். இரண்டு மூன்று வரிகளில் புரோகிராம் முடிந்துவிடும். ஓட்டிப் பார்த்தால் திரையில் 4 என்று வருகிறது.

இந்த இடத்தில் அந்த மாணவரின் முகத்தைத்தான் நான் பார்ப்பேன். புத்தகம் 2 என்கிறது. கண்ணெதிரே கம்ப்யூட்டர் 4 என்கிறது. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், அல்லது இரண்டுக்கும் பின்னால் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். இதைக் கண்டு தூக்கம் கெடுபவர்கள் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சொல்வது இதுதான்: "பரீட்சையில் 2 என்றுதான் எழுதணும் சார்." சொல்லிவிட்டுப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

2-ம் சரி, 4-ம் சரி

பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கினார். இன்ட் என்பது எத்தனை பைட் என்று சி மொழியின் விதிகள் ஒரே எண்ணாகச் சொல்லவில்லை. குறைந்தது 16 பிட், அதாவது 2 பைட் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. மீதியைக் கம்பைலரை எழுதுபவர், எந்த வகைக் கம்ப்யூட்டருக்காக எழுதுகிறாரோ அதற்கு ஏற்றபடி முடிவு செய்துகொள்ளலாம்.

நம் கல்லூரிகளில் வெகுகாலம் கோலோச்சிய டர்போ சி, போர்லண்ட் நிறுவனம் 1987-ல் வெளியிட்டது. அது டாஸ் இயக்கத்தில், 16 பிட் முறையில் ஓடும் புரோகிராம்களுக்காக எழுதப்பட்ட கம்பைலர். எனவே அதில் இன்ட் 2 பைட். இன்று நாம் பயன்படுத்தும் கம்பைலர்களில் 4 பைட். ஆக, "எத்தனை பைட்?" என்று மட்டும் கேட்டால் அது அரைக் கேள்விதான். "எந்தக் கம்பைலரில்?" என்று திருப்பிக் கேட்கும் மாணவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அபூர்வமாகக் கிடைக்கிறார்கள்.

2 பைட் என்றால் என்ன ஆகும்? பழைய ஸ்கூட்டர்களில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 99999 வரை ஓடியபின் அடுத்த கிலோமீட்டரில் 00000 ஆகிவிடும். வண்டி புதிதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மீட்டரில் இடம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். 2 பைட் இன்ட் என்பதும் இப்படி ஒரு மீட்டர். 16 பிட்டில் எதிர்மறை எண்களுக்கும் இடம் வேண்டும் என்பதால், அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. அதனுடன் 1 கூட்டினால் டர்போ சி-யில் 32768 வராது. மைனஸ் 32768 வரும். லேபில் ஃபேக்டோரியல் புரோகிராம் எழுதிய ஒவ்வொரு மாணவரும் இதைச் சந்தித்திருக்க வேண்டும். 7-க்கு 5040 என்று சரியாக வரும். 8-க்கு விடை 40320. ஆனால் திரையில் வருவது மைனஸ் 25216. "8 கொடுக்காதீங்க, 5 கொடுத்துக் காட்டுங்க" என்பதுதான் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி. எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் 5-தான் கொடுப்பார்.

இது ஏதோ 2 மார்க் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், தன் முதல் பயணத்தில் கிளம்பிய 40 வினாடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டுக்காக எழுதிய புரோகிராமின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். ராக்கெட்டின் பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடைக்க முயன்றபோது எண் அடங்கவில்லை. புதிய ராக்கெட் பழையதைவிட வேகமானது. 32767 என்ற அந்த எல்லையை அது தாண்டிவிட்டது. நம் ஃபேக்டோரியல் 8-ல் தடுக்கி விழுவதும் அதே எல்லையில்தான்.

4 பைட்டுக்கும் எல்லை உண்டு: 2147483647. பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-ல் இருந்து எத்தனை வினாடி என்று எண்ணி வைத்துக்கொள்கின்றன. அதை 4 பைட்டில் வைத்திருக்கும் பழைய சாதனங்களில், நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு மீட்டர் தீர்ந்துவிடும். இப்போது முதலாண்டு படிக்கும் மாணவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயதிருக்கும். அந்தப் பழைய சாதனங்களைத் தேடிப்பிடித்துச் சரிசெய்யும் வேலை அவர் தலைமுறைக்குத்தான் வந்து சேரப் போகிறது.

பிள்ளையார் சுழியும் மங்களமும்

டர்போ சி-யில் எழுதப்பட்ட எந்த லேப் ரெக்கார்டைப் புரட்டினாலும் புரோகிராமின் தொடக்கத்தில் கிளியர் ஸ்கிரீன் கட்டளை இருக்கும். முடிவில் கெட்ச் இருக்கும். முன்னது பிள்ளையார் சுழி, பின்னது மங்களம். எதற்கு என்று கேட்டால் "அது போடணும் சார்" என்பார்கள்.

இரண்டுக்கும் எளிய காரணம் உண்டு. டர்போ சி-யில் போன தடவை ஓட்டிய புரோகிராமின் விடைகள் திரையிலேயே தங்கிவிடும். அதைத் துடைக்கத்தான் கிளியர் ஸ்கிரீன். புரோகிராம் முடிந்த கணமே நீலத் திரை திரும்ப வந்துவிடுவதால் விடையைப் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு கீயை அழுத்தும் வரை நிறுத்தி வைக்கத்தான் கெட்ச். இவை அந்த சாப்ட்வேரின் வசதிக்காகச் செய்யப்பட்டவை. சி மொழியின் பகுதியே இல்லை. அதனால்தான் அதே புரோகிராமை வீட்டில் லினக்ஸிலோ செல்போனிலோ ஓட்டினால், அந்த ஹெட்டர் பைலே இல்லை என்று முதல் வரியிலேயே எரர் வருகிறது. உடனே "காலேஜில் ஓடுது, வீட்டில் ஓடல, கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று சி.பி.யு-வைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எரர் செய்தியைக் கடைசிவரை படித்தவர் ஒருவரும் இல்லை.

கல்லூரிகளை மட்டும் குறை சொல்வது எளிது. டர்போ சி சின்ன சாப்ட்வேர், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், இன்டர்நெட் தேவையில்லை, லேப் மேனுவல் முழுவதும் அதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது, எக்ஸாமினருக்கும் அதுதான் பழக்கம். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிய காலத்தில், நேற்று வரை மாணவராக இருந்தவரே இன்று லேப் ஆசிரியராக நின்றார். அவர் தான் கற்றதைத்தானே சொல்லிக்கொடுப்பார்? எனக்குச் சிரிப்பு வரும் ஒரு விஷயம் உண்டு. 64 பிட் விண்டோஸ் வந்தபின் 16 பிட் டர்போ சி அதில் ஓட மறுத்தது. உடனே டாஸ்பாக்ஸ் என்ற சாப்ட்வேருக்குள் அதை அடைத்து, பழைய டாஸ் கம்ப்யூட்டர் போல ஒன்றை விண்டோஸுக்குள்ளேயே உருவாக்கி ஓட்டினார்கள். இத்தனை பாடுபட்ட நேரத்தில் புதிய கம்பைலரை நான்கு முறை இன்ஸ்டால் செய்திருக்கலாம்.

கேள்விக்கு விலை, பதிலுக்கு மார்க்

பிளஸ் டூவிலேயே இது தொடங்கிவிடுகிறது. 2007-ல் இருந்து தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட் ஆஃப். அரை மார்க்கில் கல்லூரி மாறிவிடும். நுழைவுத் தேர்வை எடுத்ததற்குக் கிராமத்துப் பிள்ளைகளின் நலன் என்ற நியாயமான காரணம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்படி இரண்டு ஆண்டுகள் பழகிய பையன் கல்லூரிக்கு வந்த மறுநாள் "ஏன்?" என்று கேட்பான் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

கல்லூரியிலும் ஏற்பாடு அதேதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் வினாத்தாளில் வெகுகாலம் 2 மார்க் கேள்விகள் பத்து, 16 மார்க் கேள்விகள் ஐந்து. 2017 ஒழுங்குமுறையில் 16 மார்க் போய் 13-ம் 15-ம் வந்தன. 2 மார்க் கேள்வி பதில்களுக்கு என்றே புத்தகங்கள், ஜெராக்ஸ் கட்டுகள். சத்திரம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் செமஸ்டர் சமயத்தில் நின்று பார்த்தால் தெரியும், என்ன வியாபாரம் என்று. அந்தக் கட்டுகளில் இன்ட் 2 பைட்தான்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கான கேள்வித் தொகுப்புகள் இன்னும் மோசம். ஐ-யின் மதிப்பு 5 என்றால் "ஐ++ கூட்டல் ++ஐ" எவ்வளவு என்று ஒரு புகழ்பெற்ற கேள்வி. தொகுப்பில் ஒரு விடை இருக்கும், அதற்குப் பத்து வரி விளக்கமும் இருக்கும். உண்மையில் சி மொழியின் விதிகள் இதற்கு விடையே சொல்லவில்லை. ஒரே கணக்கில் ஒரே எண்ணை இரண்டு முறை மாற்றினால் என்ன ஆகும் என்பது வரையறுக்கப்படாதது. கம்பைலருக்குக் கம்பைலர் விடை மாறலாம். ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும்படி அமைத்து ஓட்டினால் அதுவே சொல்லிவிடும், இது சந்தேகத்துக்குரிய கணக்கு என்று. எச்சரிக்கை வந்தாலும் புரோகிராம் ஓடும் அல்லவா? ஓடினால் போதும், எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்!

கடைசி ஆண்டு புராஜெக்ட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தலைப்பு, சோர்ஸ் கோடு, ரிப்போர்ட், வைவாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேர வகுப்பு, எல்லாம் சேர்த்து ஒரு விலை. ரிப்போர்ட் பைண்டிங்குக்கு என்னிடம் வருபவற்றில், மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறு கல்லூரி பெயரில் பார்த்த அதே படங்களை மறுபடி பார்த்திருக்கிறேன். எழுத்துப் பிழை உட்பட.

இன்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் நடக்கும் ஊட்டிப் பயணம் இன்னொரு வேடிக்கை. மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலின் நீராவி இன்ஜின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து வருகிறார்கள். அந்த மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்களைப் புதிதாகச் செய்து அனுப்பியது நம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை. 2010-களில் எண்ணெயில் ஓடும் இன்ஜின்கள், 2021-ல் நிலக்கரியில் ஓடும் இன்ஜின் என்று அடுத்தடுத்துச் செய்தார்கள். நூறாண்டு பழைய வடிவமைப்பை வைத்துக்கொண்டு புதிய இன்ஜினை எப்படிச் செய்தார்கள், பற்சக்கரம் எப்படி மலையைப் பிடித்து ஏறுகிறது என்பதைக் கேட்க, மெக்கானிக்கல் மாணவர்கள் ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

அந்தக் காலத்தில் மட்டும் எப்படி?

இப்படிப் பேசத் தொடங்கினால் "அந்தக் காலத்தில் எல்லாம்..." என்று ஒரு பெரியவர் ஆரம்பித்துவிடுவார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும், ராமேஸ்வரத்தில் இருந்து வந்த அப்துல் கலாமும் 1950-களின் முதற்பாதியில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள். இருவருமே பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி-க்குப் போய் இன்ஜினியர் ஆனவர்கள். இது ஊருக்குப் பெருமைதான். ஆனால் அவர்களோடு படித்த எல்லோருமே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோட்ஸ் உருப்போடுவது அப்போதும் உண்டு.

சுஜாதா விஷயத்தில் நான் கவனிப்பது வேறு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய இன்ஜினியர் அவர். அந்த இயந்திரம் 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. அத்தனை வேலைக்கு நடுவில் ஜூனியர் விகடனில் "ஏன்? எதற்கு? எப்படி?" என்று ஒரு கேள்வி பதில் பகுதி எழுதினார். அதற்குக் கேள்வி அனுப்பியவர்கள் யார்? ஊர் ஊராக இருந்த சாதாரண வாசகர்கள். கேள்வி கேட்டதற்காக அவர்களுக்கு யாரும் மார்க் போடவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரு காலத்தில் நம்மைச் சும்மா விட்டதில்லை. விண்டோஸ் 98 காலத்தை நினைத்துப் பாருங்கள். சவுண்ட் கார்டு போட்டால் மோடம் வேலை செய்யாது. இரண்டும் ஒரே ஐ.ஆர்.க்யூ எண்ணுக்குச் சண்டை போடும். கேம் விளையாட மெமரி போதாது என்று ஆட்டோஎக்ஸெக் பைலைத் திருத்துவோம். மாதம் ஒருமுறை ஃபார்மட். பாட்டு கேட்க ஆசைப்பட்ட ஒரே காரணத்துக்காக ஹார்டுவேர் கற்றுக்கொண்டவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். இன்றைய செல்போன் தொல்லையே தருவதில்லை. திறந்து பார்க்கவும் முடியாது. தொல்லை தானாக வந்தபோது கற்றுக்கொள்வது தானாக நடந்தது. இப்போது அந்தத் தொல்லையை நாமே விரும்பி வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படி வரவழைத்துக்கொள்கிற மாணவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். துவாக்குடி அருகே 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-ல் என்.ஐ.டி. ஆன கல்லூரியில், 2005 முதல் பிரக்யான் என்ற தொழில்நுட்ப விழாவை மாணவர்களே நடத்துகிறார்கள். அதன் இணையதளத்துக்கான சாப்ட்வேரையும் மாணவர்களே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். சிலபஸில் இல்லாத வேலை. "அவர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பிள்ளைகள் சார்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாடங்கள் இன்று எல்லோருக்கும் ஒன்றுதான்: ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். மூலம் இலவசம், மும்பை ஐ.ஐ.டி-யின் ஸ்போக்கன் டுடோரியலில் சி, லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப்பும் கிடைத்தது. அவற்றில் பல, சினிமா பார்த்தே தேய்ந்தன.

விழாத பந்து

இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் சி போய் பைதான் வந்தது. நல்ல மாற்றம். அந்த லேபின் கடைசிப் பயிற்சிகளில் ஒன்று, பைகேம் உதவியுடன் துள்ளும் பந்து செய்வது. பெரும்பாலான ரெக்கார்டுகளில் இருக்கும் புரோகிராம், பைகேமின் அறிமுகப் பாடத்தில் உதாரணமாகத் தரப்பட்டிருப்பதன் நகல்தான். பந்து சுவரில் மோதித் திரும்புகிறது, தரையில் மோதித் திரும்புகிறது, கூரையில் மோதித் திரும்புகிறது. மின்சாரம் நிற்கும் வரை அதே வேகத்தில்!

மண்ணச்சநல்லூர் பக்கத்தில் இருந்து வந்த ஒரு மாணவி, எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு, ஒருநாள் பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் கேட்டார்: "சார், இந்தப் பந்து ஏன் கீழே விழவே மாட்டேங்குது?" எனக்குப் பெரிய சந்தோஷம். பிளஸ் டூவில் புவியீர்ப்பு படித்து, இயற்பியலில் நல்ல மார்க் வாங்கி வந்த எத்தனையோ பேர் இந்தப் பந்தை ரெக்கார்டில் ஒட்டியிருக்கிறார்கள். புவியீர்ப்பே இல்லாத உலகத்தில் பந்து துள்ளுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தும் கேட்கவில்லை.

நீங்களும் உங்கள் பிள்ளையும் சேர்ந்து செய்து பாருங்கள். பைதான், பைகேம் இரண்டும் இலவசம். கம்ப்யூட்டர் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போனில் பைடிராய்டு 3 என்ற ஆப் போதும். அந்த அறிமுக உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தின் வேகம் ஒரு லிஸ்ட்டில் இரண்டு எண்களாக இருக்கும்: முதலாவது பக்கவாட்டு வேகம், இரண்டாவது மேல்-கீழ் வேகம். பந்தை நகர்த்தும் வரிக்கு முன்னால் ஒரே ஒரு வரி சேருங்கள்: இரண்டாவது எண்ணுடன் ஒவ்வொரு முறையும் 1 கூட்ட வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் கீழே போகப் போக எண் கூடும் என்பதால் இதுவே கீழ்நோக்கிய ஈர்ப்பு. ஓட்டுங்கள். பந்து விழும், எழும்பும். ரொம்ப வேகமாக ஓடினால் ஒரு வினாடிக்கு 60 ஃபிரேம் என்று கடிகாரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏஐ பற்றி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், ஈர்ப்பு சேர்த்த பந்து வேண்டும் என்று தட்டினால் முழு புரோகிராமும் சில வினாடிகளில் வந்துவிடுகிறது. அதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே: நீ எழுதி, நீ சிக்கிக்கொண்ட பிறகு அதனிடம் போ. "எழுதிக் கொடு" என்று கேட்காமல், "நான் எழுதியதில் பந்து இப்படிச் செய்கிறது, என்ன காரணமாக இருக்கலாம்?" என்று கேள். அது சொல்வதையும் உடனே நம்பாதே, ஓட்டிப் பார். இன்ட் 2 பைட் என்று அது சொன்னாலும் சைஸ்ஆஃப்பிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அடுத்த படி. நிஜப் பந்து ஒவ்வொரு துள்ளலிலும் கொஞ்சம் வேகத்தை இழக்கும் அல்லவா? எனவே தரையில் மோதும்போது, மேல்-கீழ் வேகத்தைத் திருப்பும் இடத்தில் 0.8-ஆல் பெருக்குங்கள். பந்து உயரம் குறைந்து குறைந்து துள்ளும். கடைசியில் அமைதியாக நிற்கும் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நிற்காது. தரையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும், அல்லது தரைக்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

அந்த மாணவிக்கு இதைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. அவர் கண்டுபிடித்ததை இங்கே எழுதிவிட்டால் உங்கள் வீட்டில் அந்த இரண்டு வாரம் வீணாகிவிடும். இரண்டு குறிப்புகள் மட்டும் தருகிறேன். பைகேமில் பந்தைச் சுற்றியுள்ள செவ்வகம் முழு எண்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், 0.8-ஆல் பெருக்கிய வேகத்தின் பின்னப் பகுதி எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு, பந்து தரையில் மோதிய அந்த ஒரு ஃபிரேமில் அதன் அடிப்பாகம் எந்த எண்ணில் இருக்கிறது, தரை எந்த எண்ணில் இருக்கிறது என்று இரண்டையும் திரையில் அச்சிட்டுப் பாருங்கள்.